பாலிஹவுஸ் காய்கறியில் ஸ்பிரிங்டெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, கெலமங்கலம் பக்கம் மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "குழித்தட்டைத் தூக்கினா அடியில வெள்ளை வெள்ளையா குதிக்குதுண்ணா, என்ன மருந்து அடிக்கறது?" நான் பாலிஹவுஸில், அதாவது பாலித்தீன் ஷீட் போட்ட குடிலில், வெள்ளரியும் குடைமிளகாயும் போடுகிறேன், குழி குழியான பிளாஸ்டிக் தட்டில் (அதுதான் குழித்தட்டு) நாற்றும் வளர்த்துக் கொடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: கையில் மருந்து டப்பா இருந்தால் அதை முதலில் கீழே வையுங்கள். நாலாவது கேள்வியைப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

1. இந்த ஸ்பிரிங்டெயில் என்பது என்ன?

ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள சின்ன உயிர். வெள்ளை, சாம்பல், ஊதா கலந்த கறுப்பு என்று நிறம் மாறும். இறக்கை கிடையாது, எந்த வயதிலும் முளைக்காது. வயிற்றுக்கு அடியில் கவட்டைக் குச்சி மாதிரி ஒரு வால் மடங்கி, ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். தொந்தரவு செய்தால் கொக்கி விடுபடும், வால் தரையை அறையும், பூச்சி தெறித்துப் போய் எங்கோ விழும். எங்கே விழ வேண்டும் என்பது அதன் கையில் இல்லை. நம் பக்கம் இதற்கென்று ஒரு பெயர் நிலைக்கவில்லை. சிலர் "மண் தெள்ளு" என்கிறார்கள், பலர் "குதிக்கிற பூச்சி" என்றுதான் சொல்கிறார்கள். கடைக்காரர்களும் அலுவலர்களும் ஸ்பிரிங்டெயில் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆறு கால் இருந்தாலும் இதை இப்போது பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை. வாயுறுப்புகள் தலைக்குள் ஒளிந்திருக்கும் தனி வகுப்பு இது. மிகப் பழைய உயிர்: ஸ்காட்லாந்துப் பாறை ஒன்றில் சுமார் 40 கோடி வருடத்துக்கு முந்தைய ஸ்பிரிங்டெயிலின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது.

விவசாயிக்கு வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, இதன் தோலில் தண்ணீர் ஒட்டாது. அதனால் தண்ணீரில் மூழ்காமல் மிதக்கும். இரண்டு, சுற்றியிருக்கும் காற்றில் ஈரம் குறைந்தால் உடம்பிலிருக்கும் தண்ணீரைச் சீக்கிரம் இழந்து செத்துவிடும். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லா வழியும் அதை வைத்துத்தான்.

2. செடியை நிஜமாகவே தின்னுமா? மக்குவதைத்தானே தின்னும் என்கிறார்கள்.

இரண்டும் உண்மை. பெரும்பாலான வகைகள் பூஞ்சை இழை, பாசி, அழுகிய வேர், மக்கும் நார் ஆகியவற்றைத் தின்று வாழ்பவை. செடியைத் தொடுவதே இல்லை. ஆனால் சில வகைகள் பச்சையையும் கடிக்கும். உருண்டையான உடம்புள்ள போர்லெட்டியெல்லா ஹார்டென்சிஸ் என்ற வகை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பீட்ரூட், வெள்ளரி, கீரை நாற்றுகளைச் சுரண்டுவதற்குப் பேர்போனது. ஆஸ்திரேலியாவில் குதிரைமசாலையும் தீவனப் புல்வெளிகளையும் தின்னும் சிமிந்துரஸ் விரிடிஸ் அங்கே பெரிய தலைவலி. மண்ணுக்குள்ளேயே இருக்கும் கண்ணில்லாத வெள்ளை வகைகள் ஐரோப்பாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் விதை முளைக்கும்போதே தாக்குகின்றன. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸ் விதை முளைக்காமல் போனதற்கும் இந்த வகை ஒன்றுதான் காரணம் என்று அங்கே கண்டுபிடித்தார்கள்.

நம் பாலிஹவுஸில் பார்ப்பது என்ன? பெரும்பாலும் கோகோபீட்டில் (நாற்றுக்கு மண்ணுக்குப் பதிலாகப் போடும் தேங்காய் நார்த்தூள்) பூஞ்சை தின்று வாழ்பவைதான். ஆனால் கூட்டம் பெருகி, ஈரம் நிறைந்து, பக்கத்தில் இளசாக ஒரு விதையிலை (விதையிலிருந்து முதலில் விரியும் இலை) இருந்தால், அவையும் சுரண்டிப் பார்க்கும்.

3. சேதம் எப்படித் தெரியும்? எந்தப் பயிர், எந்த வயது?

முளைத்ததிலிருந்து முதல் பத்துப் பன்னிரண்டு நாள். அதுதான் ஆபத்தான காலம். விதையிலைக்கு அப்புறம் வரும் உண்மை இலையில் இரண்டாவது விரிந்து, தண்டு கொஞ்சம் முற்றிவிட்டால் ஸ்பிரிங்டெயிலால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வாய் அவ்வளவு சின்னது.

விதையிலையில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி குழியாக இருக்கும். முழு ஓட்டை விழாமல், மேல் தோலையும் பச்சையையும் சுரண்டிவிட்டு அடித்தோலை மட்டும் விட்டிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி ஜன்னல் மாதிரி தெரியும். இலை பெரிதாகும்போது அந்த இடம் கிழிந்து ஓட்டையாகும். மண்மட்டத்தில் தண்டைப் பார்த்தால் சின்னச் சின்னப் பள்ளம் இருக்கலாம். வேரில் என்றால் மெல்லிய வேர்த்தூவிகள் போய்விட்டிருக்கும், நாற்று வளராமல் அப்படியே நிற்கும்.

நான் பார்த்தவரை வெள்ளரிக்குத்தான் அதிகம், அதன் விதையிலை அத்தனை சதைப்பற்றாக இருக்கும். அடுத்தது கீரை, லெட்யூஸ், பீட்ரூட், முள்ளங்கி. தக்காளியிலும் குடைமிளகாயிலும் குறைவு. காய்க்கிற வெள்ளரிக் கொடிக்கு அடியில் ஆயிரம் குதித்தாலும் நான் கவலைப்படுவதில்லை.

4. நாற்று சாய்ந்து விழுகிறது, அடியில் இந்தப் பூச்சி. இதுதான் காரணமா?

பத்தில் எட்டு முறை இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

சில வருடம் முன்பு தெரிந்த ஒரு தம்பி அறுபது தட்டு குடைமிளகாய் போட்டிருந்தான். நாற்று வட்டம் வட்டமாகச் சாய்ந்தது. தட்டைத் தட்டினால் வெள்ளைப் பூச்சி பொரி மாதிரி தெறித்தது. கடையில் கேட்டு ஒரு பூச்சிமருந்தைக் கலந்து ஊற்றினான். பூச்சி செத்தது. நாற்று தொடர்ந்து சாய்ந்தது. இரண்டாம் முறை ஊற்றினான். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டான். போய் ஒரு நாற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மண்மட்டத்தில் தண்டு தண்ணீரில் ஊறியது போல் சொதசொதவென்று, நூலாக மெலிந்து இருந்தது. வேரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவினால் மேல்தோல் கழன்று கையோடு வந்தது, உள்ளே நரம்பு மட்டும் எலிவால் மாதிரி நின்றது. அது பித்தியம். நாற்றழுகல். பூஞ்சை நோய் தின்று போட்ட வேரை மேயத்தான் ஸ்பிரிங்டெயில் வந்திருந்தது. அறுபது தட்டும் எருக்குழிக்குப் போயிற்று. அவன் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே முதலில் நாற்றைப் பிடுங்குங்கள். தண்டு ஊறி நூலாக இருந்தால், வேர் பழுப்பாகி உரிந்தால், நோய்தான். தண்டு கெட்டியாக இருந்து இலையில் மட்டும் சுரண்டல் இருந்தால் பூச்சியைச் சந்தேகப்படலாம்.

இன்னும் சந்தேகமா? இரண்டு டம்ளர் எடுத்து அடியில் ஓட்டை போடுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஆறவைத்த கோகோபீட்டை ஒன்றிலும், உங்கள் தட்டிலிருந்து எடுத்ததை இன்னொன்றிலும் நிரப்புங்கள். அதே பாக்கெட் விதையில் பத்துப் பத்து போட்டு, ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, முதல் டம்ளரை அதன்மேல் வையுங்கள். டம்ளர் தண்ணீரைத் தொடக் கூடாது. இரண்டிலும் நாற்று ஒரே மாதிரி விழுந்தால் விதையிலோ தண்ணீரிலோ குறை. இரண்டாவதில் மட்டும் விழுந்தால் குறை உங்கள் கோகோபீட்டில்தான். அதற்கு அப்புறம் தண்டையும் இலையையும் பார்த்து நோயா பூச்சியா என்று பிரிக்கலாம். ஒரு வாரம் ஆகும். ஆனால் அறுபது தட்டைவிட அது மலிவு.

5. வேறு எதோடு குழம்பும்?

ஃபங்கஸ் நாட் என்ற கறுப்புக் கொசு மாதிரி ஈயின் புழுவோடு அதிகம் குழம்பும். இரண்டும் ஈரமான கோகோபீட்டில்தான் இருக்கும். புழுவுக்குக் கால் கிடையாது, உடம்பு கண்ணாடி போல் இருக்கும், தலை மட்டும் பளபளப்பான கறுப்பு. குதிக்காது. வேருக்கும் தண்டுக்கும் அதுதான் உண்மையான ஆபத்து. மஞ்சள் ஒட்டும் அட்டையில் சின்னக் கறுப்பு ஈக்கள் ஒட்டியிருந்தால் அதைக் கவனியுங்கள்.

தெள்ளு வண்டும் குதிக்கும், இலையில் சின்ன ஓட்டையும் போடும். ஆனால் அது கெட்டி ஓடுள்ள வண்டு, இலைமேல் வெயிலில் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங்டெயில் வெயிலில் உட்காராது. இலைப்பேன் இலைக்கு அடியிலும் பூவுக்குள்ளும் இருக்கும், இலையில் வெள்ளிப் பூச்சு போலத் தடம் விடும்.

வெள்ளையாக, வேகமாக ஓடி, குதிக்காமல், நிறையக் காலோடு இருந்தால் அது சிம்ஃபைலா. பன்னிரண்டு ஜோடிக் கால், நீண்ட உணர்கொம்பு. வேரைத் தின்னும். அது வேறு பிரச்சினை. ஆனால் குதிக்காதது எல்லாம் ஸ்பிரிங்டெயில் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் வெள்ளை வகைகளில் பலவற்றுக்கு அந்த வால் தேய்ந்தே போய்விட்டது. காலை எண்ணிப் பாருங்கள், ஆறுதான் இருக்கும்.

தட்டின் ஓரத்தில் வெள்ளைத் தூள் மாதிரி தெரிவது பூஞ்சையோ முட்டையோ என்று சிலர் பயப்படுவார்கள். ஸ்பிரிங்டெயில் வளர்ந்த பிறகும் வாழ்நாள் முழுக்கச் சட்டை உரிக்கும். தூளில் பெரும்பகுதி அந்தச் சட்டைதான்.

6. எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி சாயங்காலம் படுக்கையில் வையுங்கள். மறுநாள் விடியலில் சட்டென்று தூக்கிப் பாருங்கள். அடியில் கூடியிருக்கும். இருபதடிக்கு ஒன்று வைத்தால் எந்த இடத்தில் அதிகம் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். அந்த இடம் எப்போதுமே அதிகம் நனையும் இடமாக இருக்கும்.

தட்டுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஒரு குழியிலிருந்து நாற்றை வேர்க்கட்டியோடு உருவி, வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். தோலில் தண்ணீர் ஒட்டாது என்றேனே, அத்தனையும் மேலே மிதந்து வரும். கறுப்பு வகை பளிச்சென்று தெரியும். வெள்ளை வகைக்குக் கறுப்புக் கிண்ணம்.

இத்தனை இருந்தால் ஆபத்து என்று ஒரு எண் கேட்பார்கள். நான் சொல்ல மாட்டேன். இருநூறு மிதந்தும் ஒரு இலைகூடச் சுரண்டப்படாத தட்டைப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. முடிவெடுப்பது இலையைப் பார்த்து.

7. எங்கிருந்து வந்தது? புது பாலிஹவுஸ், புது கோகோபீட்.

கோகோபீட் கட்டியைப் பிரித்து ஊறவைத்து, பத்து நாள் தரையில் குவித்து வைத்திருந்தீர்களா? சரியாக மக்காத தொழுவுரம் போட்டீர்களா? பழைய தட்டைக் கழுவாமல் நிரப்பினீர்களா? இவற்றில் ஒன்று போதும். வாசலில் இருக்கும் சாதாரணத் தோட்ட மண்ணிலேயே அவை இருக்கின்றன, செருப்பில் ஒட்டி வரலாம். வராமல் தடுப்பது நடக்காத காரியம். வந்தது பெருகுவதற்கு மூன்று விஷயம் வேண்டும்: விடாத ஈரம், பாசி அல்லது பூஞ்சை, இருட்டு. முட்டை பொரிய ஒரு வாரம் பத்து நாள், குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் சில வாரம். இதற்குள் ஒருமுறையாவது நன்றாகக் காய்ந்தால் பெருக்கம் உடைந்துவிடும்.

8. சரி, முதலில் என்ன செய்ய வேண்டும்?

மேல்மண்ணைக் காயவிடுங்கள்.

இது மிகச் சாதாரணமாகக் கேட்கும். ஆனால் செய்வதற்கு மனது வராது. நாற்று வாடிவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரு தண்ணீர் அதிகமாகவே ஊற்றுகிறோம். கோகோபீட் ஏற்கெனவே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சரக்கு. மேலே ஒரு சென்டிமீட்டர் பழுப்பு வெளுத்து, விரலால் தொட்டால் பொடியாக உதிரும் வரை விடுங்கள். அடியில் ஈரம் இருக்கும், வேர் அங்கே போகும். தட்டைக் கையில் தூக்கி எடை பார்க்கப் பழகுங்கள். நனைந்த தட்டுக்கும் தண்ணீர் கேட்கிற தட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

தண்ணீரைக் காலையில் மட்டும் விடுங்கள். சாயங்காலம் பூவாளி எடுத்தால் ராத்திரி முழுக்க மேல்மண் ஈரமாக இருக்கும், இந்த உயிர் வெளியே வந்து மேய்வது ராத்திரியில்தான். பக்கத் திரையைப் பனிக்காலத்திலும் பகலில் சுருட்டிவிடுங்கள். தரையில் தட்டு வைக்காதீர்கள், கம்பி மேசையோ இரண்டு வரிசை ஹாலோ பிளாக்கோ வைத்து அதன்மேல் வையுங்கள், அடியில் காற்று போக வேண்டும்.

பாசியைச் சுரண்டி எடுங்கள். தட்டின் மேல் பச்சைப் பாய் மாதிரி படிந்திருந்தால், அதுதான் அவற்றின் மேய்ச்சல் நிலம். உரத்தண்ணீர் கொடுக்கக் கொடுக்க அது வளரும். முளைத்த முதல் வாரத்தில் நாற்றுக்கு உரத்தண்ணீர் தேவையே இல்லை, விதையிலையில் இருப்பு உண்டு.

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் ஒரு வாரத்தில் உருளைக்கிழங்குக்கு அடியில் கூட்டம் மெலிவதைப் பார்ப்பீர்கள்.

9. தட்டு அடுக்கி மூடிவைத்தபோதே சேதம் வந்துவிட்டது. எப்படி?

விதை போட்டதும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் ஷீட் போட்டு மூடுகிறோம். சீக்கிரம் முளைக்கும், நல்ல முறைதான். ஆனால் அந்த மூட்டத்துக்குள் ஈரம், இருட்டு, வெதுவெதுப்பு மூன்றும் சேர்ந்து இருக்கிறது. ஸ்பிரிங்டெயிலுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

நானே பட்டிருக்கிறேன். வெள்ளரித் தட்டை மூன்றாம் நாள் பிரித்திருக்க வேண்டும். வீட்டில் விசேஷம், ஐந்தாம் நாள்தான் வந்தேன். ஷீட்டைத் தூக்கினால் நாற்றெல்லாம் வெளிறி, நெட்டையாக, மேல்தட்டின் அடியை முட்டி வளைந்து கிடந்தது. மஞ்சள் விதையிலைகளில் அம்மை வடு மாதிரி குழி. 98 குழித் தட்டில் முப்பதுக்கு மேல் அப்படி. தட்டின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் அசைந்துகொண்டிருந்தது. மருந்து எதுவும் போடவில்லை. உடனே பிரித்து, மேசைமேல் ஒற்றை வரிசையாகப் பரப்பி, இரண்டு நாள் தண்ணீரே காட்டவில்லை. நாலைந்து நாளில் வந்த உண்மை இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. மொட்டு கடிபட்ட சில நாற்றுகள்தான் போயின.

அதிலிருந்து வெள்ளரியை இரண்டாம் நாள் மாலையே ஒருமுறை தூக்கிப் பார்க்கிறேன். நாலில் ஒரு பங்கு முளை எட்டிப் பார்த்தால் பிரித்துவிடுவேன். அடுக்குவதற்கு முன்னால் தட்டைத் துலக்கிக் கழுவி வெயிலில் காயவைப்பதும் அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

10. நடவு செய்த படுக்கையில் சில வரிசையில் மட்டும் இருக்கிறது. ஏன்?

மேலே பாருங்கள். மார்கழி விடியலில் 200 மைக்ரான் கூரை ஷீட்டின் உள்பக்கம் பனி கோத்து, குழாய் வளைவு வழியாக ஒரே கோட்டில் சொட்டும். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே இருக்கும் வரிசை தினமும் நனையும். என் இரண்டாவது குடிலில் வடக்கிலிருந்து மூன்றாவது வரிசை இப்படித்தான் வருடா வருடம் அடிவாங்கியது, காரணம் புரிய எனக்கு இரண்டு பருவம் பிடித்தது. ஷீட்டை இழுத்துக் கட்டியதும் சொட்டு ஓரத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் டிரிப்பர், அதாவது சொட்டுநீர் விடும் முனை. கசியும் ஒரு இணைப்பு, அடைப்பு எடுக்கும்போது பெரிதாகிவிட்ட ஒரு ஓட்டை, லேட்டரல் (வரிசையோடு போகும் சொட்டுநீர்க் குழாய்) கடைசியில் மடித்துக் கட்டிய இடம், இவற்றைச் சுற்றிப் பாருங்கள். மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட் போட்டிருந்தால் நாற்றின் கழுத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவு திறந்து வைத்து, அந்த இடம் காயும்படி விடுங்கள். டிரிப்பர் தண்டை ஒட்டி இருக்க வேண்டாம், நாலு விரல் தள்ளி வையுங்கள்.

11. மருந்து அடிக்கவே கூடாதா?

லேபிளில் ஸ்பிரிங்டெயிலுக்கு என்று எழுதி, நம் காய்கறிப் பயிரையும் குறிப்பிட்ட மருந்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கடையில் கொடுப்பதெல்லாம் வேறு பூச்சிக்கு உள்ளது. வெள்ளரி நட்ட 35, 40 நாளில் காய் பறிக்கத் தொடங்குகிறோம். வேரில் ஊற்றியது காயில் வந்தால் சாப்பிடுவது நம் பிள்ளைகளும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. டி.டி.டி. அடித்த காலத்தில் விஞ்ஞானிகள் நிலத்தைச் சோதித்தபோது ஸ்பிரிங்டெயில் குறையவில்லை, கூடியிருந்தது. மண்ணில் அவற்றைப் பிடித்துத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்களை மருந்து கொன்றுவிட்டது. ஸ்பிரிங்டெயிலை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. தின்ன ஆள் இல்லாமல் பெருகிவிட்டது. இன்றைக்கு மருந்து மாறியிருக்கிறது. ஆனால் காவல்காரனை முதலில் கொல்லும் குணம் பல மருந்துகளுக்கு இருக்கிறது. "போன வருஷம் ஊத்தினேன், இந்த வருஷம் ரெண்டு மடங்கு" என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

குருணை மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். போரேட் 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியா முழுக்கத் தடை. பழைய சரக்கு என்று யாராவது காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். நாலு பக்கமும் மூடிய குடிலுக்குள், கையுறை இல்லாமல் அதைத் தூவுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நாற்றும் அதற்கு ஈடாகாது.

12. வேப்பம்பிண்ணாக்கு, சாம்பல், சுண்ணாம்பு?

வேப்பம்பிண்ணாக்கை நான் எப்போதும் கலக்கிறேன். 300 கிலோ கோகோபீட்டுக்கு 5 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குழித்தட்டுக்குச் சொல்லும் அளவு. பிண்ணாக்கை நனைத்துக் கலந்து ஒரு வாரம் வைத்துவிட்டு நிரப்புங்கள். பச்சையாக அதிகம் போட்டால் அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை பூக்கும், ஸ்பிரிங்டெயிலுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

சாம்பலும், டயட்டம் மண் என்று பாக்கெட்டில் விற்கும் வெள்ளைத் தூளும் காய்ந்திருக்கும்போது மட்டும் வேலை செய்யும். நனைந்தால் சேறுதான். ஈரமான இடத்தில் வாழும் உயிர்மேல் அதைத் தூவுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாம்பல் அதிகமானால் கோகோபீட்டின் காரத்தன்மை ஏறி நாற்று மஞ்சளடிக்கும். சுண்ணாம்பும் அப்படியே. தூவவே வேண்டும் என்றால் தட்டுக்கு மேல் சுத்தமான ஆற்றுமணலை அரை சென்டிமீட்டர் தூவுங்கள். அது சீக்கிரம் காயும், பாசியும் பிடிக்காது.

13. மெட்டாரைசியம், பிவேரியா ஊற்றலாமா? டிரைக்கோடெர்மாவைத் தின்றுவிடுமா?

மெட்டாரைசியமும் பிவேரியாவும் மற்ற பூச்சிகளைக் கொல்லும் நல்ல பூஞ்சைகள். ஸ்பிரிங்டெயிலுக்கு அவற்றால் பெரிய பாதிப்பு இல்லை. பூஞ்சை தின்றே வாழும் உயிர் அது. வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு மண்ணில் பரப்பவும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃபங்கஸ் நாட், இலைப்பேன் கூட்டுப்புழு இருந்தால் அவற்றுக்காக ஊற்றுங்கள்.

நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையையும் மேயும், ஆனால் தீர்த்துவிடாது. நாற்றழுகலைத் தடுக்க அதைக் கலப்பதை நிறுத்தாதீர்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மண்ணில் வாழும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்களை டப்பாவில் விற்கிறார்கள். ஸ்ட்ராட்டியோலீலாப்ஸ் என்ற வகை ஃபங்கஸ் நாட் புழுவையும் ஸ்பிரிங்டெயிலையும் தின்னும். எங்கள் பக்கத்துக் கடைகளில் அது வந்து நான் பார்க்கவில்லை. ஆனால் அதன் உறவுக்காரர்கள் நம் மக்கிய எருவிலேயே இருக்கிறார்கள். உருளைக்கிழங்கைத் தூக்கும்போது பழுப்பு நிறத்தில், எட்டுக் காலோடு, விறுவிறுவென்று ஓடி மறையும் சின்னது ஏதாவது தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். வேலைக்கு ஆள் ஏற்கெனவே வந்துவிட்டது.

14. பருவம் முடிந்து குடில் காலியாக இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

சித்திரை வைகாசியில் காலியாக இருந்தால் சூரிய வெப்பமூட்டலுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. படுக்கையைக் கொத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் மெல்லிய ஷீட்டை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, நாலு ஓரத்தையும் மண்போட்டு மூடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம், வெயில் உள்ளே இறங்க வேண்டும். குடிலின் திரையையும் மூடிவிடுங்கள். நாலிலிருந்து ஆறு வாரம். ஸ்பிரிங்டெயிலில் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கித் தப்பிக்கும், அது பரவாயில்லை. பித்தியமும் நூற்புழுவும் களை விதையும் சேர்ந்து அடங்குவதுதான் பெரிய லாபம்.

கோகோபீட்டைத் திரும்பப் பயன்படுத்துவதானால் ஆவி காட்டுவது நல்லது: 70 டிகிரி, அரை மணி நேரம். அந்த வசதி இல்லாதவர்கள் சாக்கில் கட்டிக் கொதிநீரில் முக்கி எடுக்கலாம். ஆறியதும் உடனே நிரப்புங்கள், குவித்து வைத்தால் பழைய கதைதான்.

15. ஒன்றுகூட இல்லாமல் ஒழிக்க முடியுமா?

முடியாது, வேண்டவும் வேண்டாம். இவை தின்னும் பூஞ்சைகளில் நாற்றைக் கொல்லும் ரைசாக்டோனியாவும் வாடல் நோய் உண்டாக்கும் ஃபியூசேரியமும் உண்டு. ஜப்பானில் வெள்ளரி நாற்றுத் தொட்டியில் ஸ்பிரிங்டெயிலை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தபோது ஃபியூசேரியம் வாடல் குறைந்தது. எருவை மக்க வைப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. மண்ணில் நச்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்களில் ஃபோல்சோமியா கேண்டிடா என்ற வெள்ளை ஸ்பிரிங்டெயிலைத்தான் வளர்க்கிறார்கள். மண் கெட்டால் முதலில் பாதிக்கப்படும் உயிர்களில் அதுவும் ஒன்று.

16. காளான் குடிலிலும் இதே பூச்சியா?

ஆமாம், ஆனால் அங்கே கணக்கு வேறு. காளான் என்பதே பூஞ்சை, அதாவது இவற்றின் சாப்பாடு. சிப்பிக் காளான் படுக்கையில் இழையைத் தின்றுவிடும், மொட்டின் அடியில் குழி போடும், செதிலுக்குள் புகுந்து உட்காரும். நாற்றுக்குச் சொன்ன மாதிரி காயவிடவும் முடியாது, காளானுக்கு ஈரம் வேண்டும். வைக்கோலை ஒழுங்காக வேகவைப்பதும், பழைய படுக்கையைக் குடிலுக்குப் பக்கத்தில் கொட்டாமல் தூரக் கொண்டுபோவதும், தரையில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும்தான் வழி. பாலிஹவுஸும் காளான் குடிலும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்கள் காளான் கழிவை மக்க வைக்காமல் நேராகப் படுக்கையில் போடாதீர்கள்.

17. மனிதரைக் கடிக்குமா? அறுவடை செய்த கீரையில் வந்துவிட்டால்?

கடிக்காது, நோய் பரப்பாது, வீட்டுச் சாமானை அரிக்காது. கீரையில் இருந்தால் வாளித் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மிதந்து வருவதை ஊற்றிவிட்டு இன்னொரு தண்ணீர் விடுங்கள். குளியலறை ஓரத்தில் தெரிந்தால் எங்கோ ஒரு குழாய் கசிகிறது என்று அர்த்தம், அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள்.